பெங்குவின் மாமாவும் பித்தளை ஃபில்டரும்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் ஒருவர் இருக்கிறார். குழந்தைகளுக்கு அவர் ‘பெங்குவின் மாமா’. அவருடைய மடிக்கணினியின் முதுகில், ஸ்கூட்டரின் நெற்றியில், மின்சார மீட்டர் பெட்டியில், ஏன், தண்ணீர் கேனில்கூட ஒரு குண்டுப் பெங்குவின் ஒட்டியிருக்கும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் சின்னம் அது. கேன் போடும் பையன் ஒருநாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “இது வேற கம்பெனி கேன் சார், நாங்க எடுக்க மாட்டோம்” என்று காலி கேனை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இந்த வகை ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு ஒருவர் உண்டு. 25 வயதிலும் உண்டு, 60 வயதிலும் உண்டு. பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட விடமாட்டார். “2009 மாடலா? தாராளமா ஓடும், கொடுங்க” என்று வாங்கிக்கொண்டு போவார். பேச ஆரம்பித்தால் இரண்டே விஷயம்தான். ஒன்று, கட்டற்ற மென்பொருள். இன்னொன்று, நல்ல காபி. நமக்குத்தான் அவை இரண்டு, அவருக்கு ஒன்றே.

“உள்ள என்ன இருக்குன்னு சொல்லாத எதையும் நான் வீட்டுக்குள்ள விடறதில்ல சார்.”

சூப்பர் மார்க்கெட்டில் அவரைக் கவனிக்க வேண்டும். காபிப்பொடிப் பாக்கெட்டை எடுத்தால் முன்பக்கம் பார்க்கவே மாட்டார். நேராகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பொடி எழுத்தைப் படிப்பார். “காபி 53, சிக்கரி 47. பார்த்தீங்களா? இது காபியே இல்ல. சிக்கரிக்குக் காபியைக் காட்டியிருக்கான்.” அதில் காபி, பெருங்காய டப்பா வாசனை மாதிரி என்பது அவர் கருத்து. கலவையில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும், சிக்கரி எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். இந்தியச் சட்டங்களிலேயே அவர் மனமார மதிப்பது இதைத்தான்.

“பத்து ரூபா பாக்கெட்டுக்கே உள்ள என்னன்னு எழுதணும். பத்தாயிரம் ரூபா மென்பொருளுக்கு எழுத வேண்டாம். கேட்டா தொழில் ரகசியமாம்!”

பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் நாலு கிலோமீட்டர் போய், கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடையில் பீபரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி வாங்குவார். “சிக்கரி கலக்காம” என்று மூன்று முறை சொல்வார். கடைக்காரர் முதல் முறையிலேயே தலையாட்டிவிடுவார் என்பது வேறு விஷயம்.

யார் வீட்டுக்காவது போய், “டீ சாப்பிடறீங்களா?” என்று கேட்டால், “418” என்பார். கேட்டவர் திருதிருவென்று விழிப்பார். 1998-ல் ஏப்ரல் முதல் தேதியன்று, காபிப் பாத்திரத்தை இணையம் வழியே இயக்குவதற்கான விதிமுறைகள் என்று ஒரு கேலி ஆவணம் வெளியிட்டார்களாம். தேநீர்க் கெட்டிலிடம் போய்க் காபி போடச் சொன்னால், அது ‘நான் கெட்டில்’ என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலின் எண் 418. முட்டாள்கள் தினத்து விளையாட்டை உலகத்துக் கணினிக்காரர்கள் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மாமா அதை விருந்தோம்பலுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

இந்த இனத்துக்கும் காபிக்கும் உள்ள உறவு ரத்த உறவு. லினக்ஸ் கையேடுகளின் பழைய தொகுப்பில் கணினி கொண்டு காபி போடுவது எப்படி என்றே ஒரு கையேடு இருக்கிறது. 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில், காபிப் பாத்திரம் காலியா நிறைவா என்று இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காக அதன் எதிரில் ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-ல் அந்தப் படம் இணையத்தில் ஏறியது. உலகமே உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத ஒரு காபிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2001-ல் கேமராவை அணைத்தபோது அந்தப் பாத்திரம் 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நம்மவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பழைய செல்போனைத் தன் வீட்டுச் சமையலறை அலமாரியில், பித்தளை ஃபில்டரைப் பார்த்தபடி நிறுத்தினார். அரை மணி நேரம்தான். “சமையக்கட்டுல கேமரா வெச்சேன்னா நான் காசிக்குப் போயிடுவேன்” என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டார். 78 வயது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அந்த அம்மாள் ஏன் காசி வரைக்கும் போனார் என்பது அப்போது எங்கள் யாருக்கும் புரியவில்லை.

அவரோடு தமிழில் பேசுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, “நான் இருபது வருஷமா திறந்த மூலம்தான்” என்று ஆரம்பித்தார். இரண்டாம் மாடிப் பெரியவர் கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியே அழைத்துப் போய், தோளில் கைவைத்து, “கருணைக்கிழங்கு வாரம் மூணு நாள் சாப்பிடுங்க, காரத்தைக் குறைங்க” என்று சொன்னார். அன்றிலிருந்து ‘கட்டற்ற மென்பொருள்’தான்.

அந்தக் கூட்டத்திலேயே, உலகத்தின் முதல் 500 சூப்பர் கணினிகளில் 2017 நவம்பரிலிருந்து ஒன்று பாக்கியில்லாமல் ஓடுவது லினக்ஸ்தான் என்றும் சொன்னார். “அப்ப நம்ம லிஃப்ட்டும் ஓடுமா?” என்று செயலாளர் கேட்டார்.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் படுகிற பாட்டை அவர் நடித்தே காட்டுவார். விலையில்லாததும் ஃப்ரீ, விடுதலையும் ஃப்ரீ. இதை விளக்கி விளக்கியே அங்கே பலருக்குத் தாடி நரைத்திருக்கிறது. தமிழனுக்கு அந்தக் கஷ்டமில்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. ஆனால் நமக்கு வேறு கஷ்டம். சுதந்திரம் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இலவசம் என்றால் வரிசையில் நிற்கிறார்கள். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸையும் சேர்த்துத்தான் கொடுத்தது. எத்தனை பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டால் மாமா பேச்சை மாற்றிக் காபிக்குப் போய்விடுவார்.

கட்டற்ற மென்பொருளின் உரிமத்தை எனக்கு அவர் நாலு ஞாயிற்றுக்கிழமை விளக்கினார். ஐந்தாவது ஞாயிறு நான் அவருக்கு விளக்கினேன். “சார், இது உறைமோர். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்குகிறோம். நம் பாலில் ஊற்றித் தயிராக்குகிறோம். தயிர் நம்முடையது. ஆனால் நாளைக்கு எதிர்வீட்டுக்காரிக்கு அந்தத் தயிரைக் கொடுத்தால், அவள் அதில் உறை ஊற்றிப் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கக்கூடாது. அவ்வளவுதானே?” அசந்துவிட்டார். ஒரே மென்பொருளை எடுத்துக்கொண்டு இரண்டு கூட்டம் தனித்தனியே பிரிந்து போவது உண்டே, ஓப்பன் ஆபீசிலிருந்து 2010-ல் லிப்ரே ஆபீஸ் பிரிந்த மாதிரி, அதைப் பாகப்பிரிவினை என்றேன். நம் ஊர்ப் பாகப்பிரிவினையில் ஆளுக்குப் பாதி. அவர்கள் பாகப்பிரிவினையில் ஆளுக்கு முழுசு. இரண்டு உவமைகளையும் இப்போது எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவருகிறார். முதலில் எழுதியவர் பெயரை நீக்கக்கூடாது என்று அந்த உரிமத்திலேயே இருக்கிறது. என் பெயரைச் சொன்னதாகத் தெரியவில்லை.

என் மடிக்கணினி அவர் கைக்குப் போனது என் தலையெழுத்து. ஆறு வருஷத்துக் கணினி. பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் திறந்திருக்கும். “லினக்ஸ் போட ஒரு மணி நேரம் சார்” என்றார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தவர் ஞாயிறு சாயங்காலம் எழுந்தார். இடையில் எங்கள் வீட்டில் ஒன்பது காபி. ஒவ்வொன்றையும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “ம்… பால் ரெண்டு தடவை காய்ச்சினதா?” என்று மட்டும் கேட்பார். என் மனைவி சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

பொய் சொல்லக்கூடாது. கணினி பதினெட்டு வயதுப் பையன் மாதிரி எழுந்துகொண்டது. பிரிண்டர்தான் படுத்துவிட்டது. விளக்கு எரிகிறது, காகிதத்தை உள்ளே இழுக்கிறது, வெள்ளையாகவே வெளியே தள்ளுகிறது. அன்று ராத்திரி மணி ஒன்பது. மறுநாள் காலை மகளுக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் அச்சடிக்க வேண்டும்.

மாமா பதறவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “சார், இந்த இயக்கமே ஒரு பிரிண்டர்லதான் ஆரம்பிச்சது, தெரியுமா?”

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய பிரிண்டரில், சிக்கியதும் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கு நிரலைக் கொடுக்கவில்லை. நிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆளைத் தேடிப் போய்க் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். அந்தக் கோபம் உள்ளேயே கனன்று, 1983-ல் ‘குனு’ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், சும்மா பொழுதுபோக்குக்கு என்று சொல்லி எழுதிய லினக்ஸ் கருநிரல் அதோடு சேர்ந்துகொண்டது. இன்று ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அது இருக்கிறது.

கதை நல்ல கதை. சொல்லி முடிக்கும்போது மணி பத்து.

“எனக்கு இயக்கம் வேண்டாம் சார். ஹால் டிக்கெட் வேணும்.”

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குள் குனிந்து போய் அச்சடித்துக்கொண்டு வந்தோம். மாமாவும் கூடவே வந்தார். வழியெல்லாம், பிரிண்டர் கம்பெனிக்காரன் நிரலைத் திறந்துவிட்டிருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போய் ராத்திரியோடு ராத்திரியாகப் பழுதை விவரித்து எழுதிப் போட, யாரோ முகம் தெரியாத ஒரு ஜெர்மன்காரர் விடிவதற்குள் நாலு கேள்வி கேட்டு எழுதியிருந்தார். நான் பணம் கொடுத்து வாங்கிய எந்தப் பொருளின் கம்பெனியும் எனக்கு விடிவதற்குள் பதில் எழுதியதில்லை. இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இப்போது காபி. மாமா வீட்டுக் காபிக்கு எங்கள் அடுக்ககத்தில் தனிப் பெயர். கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்ஷன். டபராவில் சாய்த்தால் ஓரத்தில் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகுதான் இறங்கும். “சிக்கரி இல்லாத காபின்னா இப்படித்தான் இருக்கும்” என்று ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு முறை சொல்வார். என் மனைவி ஒருநாள் பக்குவம் கேட்டாள். அதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு தாளை நீட்டினார். மேலே ‘பதிப்பு 3.2’ என்று போட்டிருந்தது. மூன்று ஸ்பூன் பொடி, மெல்ல அமுக்க வேண்டும், இறுக்கக்கூடாது; தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஓரமாகச் சுற்றி ஊற்ற வேண்டும்; ஃபில்டரைத் தட்டவே கூடாது; துளை அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தைத் தணலில் வாட்ட வேண்டும்; இறங்கிய டிகாக்ஷனை மறுபடி சூடு பண்ணக்கூடாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்று அடியில் ஒரு வரி.

வரிக்கு வரி செய்தாள். அதே கடை, அதே பொடி. தெளிந்த ரசம் மாதிரி இறங்கியது.

தாளை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள், பின்னாலேயே நானும். “எங்க வீட்ல நல்லாத்தானே வருது” என்றார் மாமா. கணினிக்காரர்கள் எல்லாப் புகாருக்கும் சொல்லும் முதல் பதில் இது. “உங்க ஃபில்டர்லதான் ஏதோ பிரச்சினை. துளை பெரிசா இருக்கும். கொண்டாங்க பார்ப்போம்.”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அந்தப் பொண்ணை எதுக்குடா அலையவிடறே? நாலு பங்கு பொடிக்கு ஒரு பங்கு சிக்கரி சேரும்மா. தனியா விப்பான். டப்பாவுல கொட்டும்போதே கலந்துடணும்.”

மாமா கையில் இருந்த டபரா அப்படியே நின்றது.

“எவ்ளோ நாளாம்மா?”

“உங்கப்பா காலத்திலேருந்துதான்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே!”

“நீ கேக்கவே இல்லையேடா.”

இருபது வருஷமாக உலகத்து நிரலையெல்லாம் திறந்து காட்டச் சொன்ன மனிதர், சொந்த வீட்டு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. நானும் என் மனைவியும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம். அவர் மிச்சக் காபியை ஒரே மூச்சில் குடித்தார். நல்ல காபி, கீழே வைக்க மனம் வராது.

மறுநாள் அந்த டப்பாவின் மேல் ஒரு குண்டுப் பெங்குவின் ஒட்டியிருந்தது. அதன் கீழே அவர் கையெழுத்தில்: ‘காபி 80, சிக்கரி 20’. என் மனைவிக்குப் பதிப்பு 4.0 வந்து சேர்ந்தது. திருத்தியவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது.

எங்கள் பிரிண்டர் இன்னும் அச்சடிக்கவில்லை. ஜெர்மன்காரர் விடாமல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அதுவரைக்கும் ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்துவருகிறேன். அந்தக் கடைக் கணினியில் ஓடுவது திருட்டு விண்டோஸ். மாமாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.