கையோட கையா

நியூ ஜெர்சியில் நம்மவர் ஒருவர் பழைய மியாட்டா கார் வைத்திருக்கிறார் என்றால், ஓடுகிறதா என்று கேட்கக்கூடாது. எதுவரை கழற்றியிருக்கிறார் என்று கேட்க வேண்டும்.

கிளட்ச் வழுக்குகிறது என்றுதான் நவம்பரில் கராஜுக்குள் போனார். புது கிளட்ச் பிளேட் போட கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும். அதில் கெட்டிக்காரர்தான். ஆயிலை வடிக்காமல் புரொப்பெல்லர் ஷாஃப்டை உருவினால் பின்பக்கம் கொட்டும் என்று தெரிந்தவர். கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் பிணைக்கும் அலுமினியச் சட்டத்தைப் பொறுமையாகப் பிரித்தார். பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளை, எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் மாட்டி, கண்ணால் பார்க்காமலே கழற்றினார். எல்லாம் இட்லித் தட்டில், குழிக்கு ஒரு சைஸாக. அந்த வீட்டில் இப்போது தோசைதான்.

இறக்கியதும் வியாதி ஆரம்பித்தது. "இவ்வளவு இறக்கியாச்சு ஜி, கையோட கையா ரிலீஸ் பேரிங்கையும் மாத்திடலாம்." நியாயம். கையோட கையா பைலட் பேரிங். அதுவும் சரி. ஃப்ளைவீல் கண்ணில் பட்டது. கையோட கையா கழற்றி மெஷின் ஷாப்புக்கு அனுப்பினார். அது போன இடத்தில் எஞ்சினின் பின் ஆயில் சீல் தெரிந்தது. ஒழுகவில்லை. "நாளைக்கு ஒழுகினா மறுபடி எல்லாத்தையும் இறக்கணுமே?" நெம்பும்போது கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழுந்துவிடுமோ என்று அதன் முன்னால் உட்கார்ந்து யோசித்ததில் பொங்கல் போய்விட்டது. பிறகு சீட்டுகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கையோட கையா கார்ப்பெட்டுக்கு ஷாம்பு. கியர்பாக்ஸுக்கும் கார்ப்பெட்டுக்கும் என்ன உறவு என்று கேட்டேன். கியர் லீவர் அந்த வழியாகத்தானே வருகிறது என்றார்.

1989-ல் இந்தக் காரை அறிமுகப்படுத்தியவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருந்தது. இரண்டு சீட், 1.6 லிட்டர் எஞ்சின், துணிக்கூரை, அவ்வளவுதான். 2016-ல் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது. அதில் ஒன்று இவரிடம் வந்து மாட்டியது.

ஏற்றும் நாளில் "ரெண்டு நிமிஷம் வாங்க ஜி" என்றார். ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கிளட்ச் பிளேட் நட்டநடுவில் உட்காராவிட்டால் ஷாஃப்ட் நுழையாது. டிராலி ஜாக்கி மேல் கிடந்த கியர்பாக்ஸை நான் தாங்கிப் பிடிக்க, அவர் கியரில் போட்டு, பின்னால் யோக்கைச் செருகி, இம்மி இம்மியாகத் திருப்பினார். பல்லோடு பல் சேர்ந்து சரக்கென்று உள்ளே போனபோது எனக்குக்கூட குளிர் தெரியவில்லை. அந்தச் சிரிப்புக்காக இந்த மனுஷனை எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

அடுத்து கிளட்ச் லைனில் காற்று எடுக்க வேண்டுமாம். சீட் வெளியே கிடக்கிறது. ஷாம்பு வாசத்தில் சம்மணமிட்டு, பெடலைக் கையால் அமுக்கினேன். "அமுக்குங்க... பிடிங்க... விடுங்க." கீழிருந்து குரல் வந்தது, கொஞ்ச நேரம் வரவில்லை. "ஜி, இந்த ஸ்லேவ் சிலிண்டர் ரொம்பப் பழசா இருக்கே."

குளிர்காலம் முழுக்க அவர் மனைவி தெருவில் நின்று வேன் கண்ணாடியில் பனி சுரண்டுகிறார். கார்மேல் ஆசை இருக்கட்டும், முடித்துத் தொலைக்கலாம். தவிர, அந்த ஜாக்கி என்னுடையது. எனக்கு டயர் மாற்ற வேண்டும்.