கிழிமுனையியல்: ஒரு முன்னோடி ஆய்வு

0. ஆய்வுச் சிக்கல்

இளைஞர் இயற்கைப் பாதுகாப்பு முகாம்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் மரம் நட்டதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். குனிந்ததைப் பற்றி எவரும் எழுதவில்லை. அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. (இல்லாத இடைவெளியைக் கண்டுபிடித்து நிரப்புவதே முனைவர் பட்டத்தின் முதல் இயல் என்பது அறிஞர் துணிபு.)

1. தீவு: ஒரு வரையறை

இத்தகைய முகாம் தீவில் நடந்தால்தான் மதிப்பு. ஆனால் எங்கள் முகாம் நடந்த தென்காசி மாவட்டத்துக்குக் கடலே இல்லை. 2019 நவம்பர் 22 அன்று பாகம் பிரித்தபோது கடற்கரையைத் திருநெல்வேலி வைத்துக்கொண்டது. எங்களுக்கு மலையும் சாரலும் வந்தன. எனினும் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமே தீவு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்குக் கீழே, சிற்றாற்றின் நடுப்பாறையில் சாக்கோடு நிற்கும் தொண்டருக்கு நாற்புறமும் நீர். தலைக்கு மேலிருந்தும் நீர். ஆக ஐந்து புறம். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கே இந்தத் தகுதி கிடையாது.

அந்தத் தீவுகள் 21. அங்கே 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. ஆனாலும் கட்டுரைகளில் இன்றும் 21 தான். முந்தைய கட்டுரையைப் பார்த்து அடுத்த கட்டுரை எழுதுகிறவர்களுக்குத் தீவு மூழ்குவதே இல்லை.

2. தொண்டர் வகை

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டாண்டில் 240 மணி நேரத் தொண்டு, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். ‘நானல்ல, நீங்கள்’ என்பது அதன் முழக்கம். துடைப்பத்தைக் கைமாற்றும்போது இம்முழக்கம் சொல்லுக்குச் சொல் பின்பற்றப்படுவதை எந்த முகாமிலும் காணலாம் (டீக்கடைப் பெஞ்சு, இரண்டாம் பலகை). வகைகள் வருமாறு:

(அ) பதாகை பிடிப்பவர். படம் எடுத்து முடித்ததும் மறைவார்.

(ஆ) கையுறை அணிந்தவர். கையுறை அழுக்காகாமல் காப்பது இவர் தொண்டு.

(இ) புரோட்டாத் தொண்டர். பிரானூர் பார்டர் புரோட்டாக் கடைகளில் தேடுக.

(ஈ) குனிபவர். இவரைப் பற்றியதே எஞ்சிய கட்டுரை.

3. கிழிமுனை

குற்றால அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. குனிபவர் சாக்கில் சேருபவை: எண்ணெய்ப் பாக்கெட், சோப்பு உறை, ஷாம்பு பாக்கெட். இவற்றுள் ஷாம்பு பாக்கெட்டே ஆய்வாளர் மனத்தைக் கவர்வது. ஏழைக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்று சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டியவர் கடலூர்க்காரரான சின்னிக் கிருஷ்ணன். பாக்கெட் பிறந்த ஊர் கடலூர். அடக்கமாகும் ஊர் குற்றாலம்.

அடக்கம் என்பதும் சரியல்ல. பிளாஸ்டிக்கையும் அலுமினியத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த உறை அது. பிரிக்க முடியாது, பழைய இரும்புக் கடைக்காரரும் எடுக்க மாட்டார். ஆனாலும் பாக்கெட்டாவது கண்ணில் படும். கண்ணில் படாதது அதன் கிழிமுனை.

கிழிமுனை பிறக்கும் விதம் இது. குளிப்பவர் விரல் நனைந்திருக்கிறது, பாக்கெட் வழுக்குகிறது. இரண்டு முறை முயல்கிறார். பிறகு கோரைப்பல்லில் கொடுத்துத் தலையை ஒரு வெட்டு வெட்டுகிறார். ‘தூ!’ சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுள்ள ஒரு முக்கோணம் பாறையிடுக்கில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆக, பாக்கெட் கையால் எறியப்படுவது, முனை வாயால் எறியப்படுவது. இவ்வேறுபாட்டை முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பின்வரும் நூற்பாவே சான்று:

கையான் எறிந்தது கண்ணிற் படுமே;
வாயான் எறிந்தது வழக்கிற் படாதே.

(ஐந்தருவி வடைக்கடை எண்ணெய்த்தாள் பிரதி, கறை நீக்கிய பதிப்பு. இடைச்செருகல் என்பாரும் உளர். நேற்றிரவு இதை எழுதியவன் என்ற முறையில் வன்மையாக மறுக்கிறேன்.)

எங்கள் முகாமில் கிடைத்த முனைகளுள் தலையாயது ‘ங்’ என்னும் எழுத்து மட்டும் எஞ்சிய பச்சை முனை. இது ‘இங்கே கிழிக்கவும்’ என்பதன் எச்சம் என்பது ஒரு சாரார் கருத்து. ‘சங்கம்’ என்பதன் இரண்டாம் எழுத்து, ஆகவே கடைச்சங்க காலத்திலேயே தமிழர் ஷாம்பு கண்டிருந்தனர் என்பது இன்னொரு சாரார் கருத்து. மூன்றாம் சாரார் கருத்தரங்க அழைப்பிதழில் பெயர் விடுபட்டதால் பொன்னாடையை வாங்கிக்கொண்டு வெளிநடப்புச் செய்தனர். (குற்றாலக் குரங்கு, நேர்காணல். முதல் கேள்வி முடியுமுன்பே தகவலாளர் பேனாவோடு மரமேறிவிட்டார். பேனா இன்னும் மூன்றாம் கிளையில் இருப்பதால் இதன் அடிக்குறிப்பை மேலே காண்க.)

4. அளவையியல்

முகாம் முடிவில் சாக்குகளை எடை போட்டார்கள். இத்தனை சாக்கு, இத்தனை கிலோ என்று அறிக்கை எழுதப்பட்டது. கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு பெண் காலையிலிருந்து உட்கார்ந்து, இடுக்கிடுக்காக ஊக்கால் நோண்டி எடுத்த முனைகளைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தராசில் வைத்தாள். முள் அசையவில்லை. முள் அசையாதது அறிக்கையில் ஏறாது; ஆகவே அவள் அன்று எதுவும் செய்யவில்லை என்பது ஆவணப்படி உறுதியாகிறது. அருவிக்கு ஆவணம் படிக்கத் தெரியாது என்பதே இதிலுள்ள ஒரே குறை.

5. முடிவும் பரிந்துரையும்

மறுநாள் வீட்டில் என் கால்சட்டையை அலசிய அம்மா, மடிப்புக்குள்ளிருந்து மூன்று முனைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“ஏல, மங்குஸ்தான் வாங்கிட்டு வான்னு சொன்னா இதையால கொண்டாந்த?”

விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, வாசலில் இருந்த இரண்டு குப்பைக் கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மக்காத குப்பைக் கூடையின் சல்லடைக் கண் ஒவ்வொன்றும் முனையைவிடப் பெரிது.

“இத எதுலல போட?”

இது மேலும் ஆய்வுக்குரியது.