திரிக்கும் எனக்கும் ஆகாது

திரி வைத்த எந்தச் சாமானும் என் கையில் உருப்பட்டதில்லை. சூடேறுகிற சுருள் கம்பி, அதாவது காயில், வைத்ததும் அப்படித்தான். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. தெருவுக்கே தெரிந்துபோன விஷயத்துக்கு இனிமேல் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

இத்தனைக்கும் தத்துவம் எனக்கு அத்துப்படி. பஞ்சு இழைகளுக்கு நடுவே இருக்கிற பொடிப்பொடி இடைவெளி வழியாக எண்ணெய் தானாகவே மேலே ஏறும். பம்ப் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மேலே சூடு பட்டதும் எண்ணெய் ஆவியாகும். எரிவது அந்த ஆவிதான், பஞ்சு இல்லை. எண்ணெய் ஏறி வருவதற்குள் சூடு முந்திக்கொண்டால் மட்டும் பஞ்சே எரியும், கருகும், நாறும். பள்ளிக்கூடத்தில் இதைப் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். பிராக்டிகல் வைக்காமல் விட்டது அந்த சயின்ஸ் வாத்தியார் எனக்குச் செய்த பேருதவி.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். சின்ன வயதில் வீட்டில் திரி ஸ்டவ்தான். பத்துத் திரி வட்டமாக நிற்கும். ரேஷன் கடையில் நீலச் சாயம் போட்டுத் தந்த மண்ணெண்ணெயை ஊற்றி (அம்மாவுக்கு இன்றைக்கும் அது கிருஷ்ணாயில்தான்) பற்ற வைத்தால், சுடர் நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளாக எழும்பினால் திரி கருகிவிட்டது என்று அர்த்தம். பாத்திரத்தின் அடி அட்டக்கரியாகும், அதைத் தேய்க்கிற ஆள் என்னைத் தேய்ப்பார்.

"திரியெல்லாம் கருகிக் கெடக்குடா, கொஞ்சம் நறுக்கி விடு" என்றார் அம்மா. பத்தையும் நறுக்கினேன். ஒன்று மட்டும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. அதை நறுக்கினேன். இப்போது அது மற்றதைவிடக் குட்டை. சரி, மற்றதையெல்லாம் அதன் உயரத்துக்குக் கொண்டுவரலாம் என்று நறுக்கினேன். அதில் இன்னொன்று குட்டையானது. இப்படியே சமத்துவம் பேசிப் பேசி, கடைசியில் பத்துத் திரியும் அளவெடுத்த மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. எண்ணெயைத் தொடுகிற நீளம்தான் எதிலும் மிச்சமில்லை.

புதுத் திரி வாங்கி வந்தோம். அதைக் குழாய்க்குள் கோத்து மேலே இழுப்பது தனிக் கலை. கம்பியால் குத்தினால் திரி உள்ளே விழும், உள்ளே விழுந்ததை எடுக்க ஸ்டவ்வைக் கவிழ்த்தால் மற்றதும் சேர்ந்து விழும். எப்படியோ கோத்து முடித்தேன். புதுத் திரியை அரை மணி நேரமாவது எண்ணெயில் ஊறவிட்டுத்தான் பற்ற வைக்க வேண்டும். தத்துவம் தெரியும் என்றேனே, ஆனால் பசி வேளை. உடனே தீக்குச்சியைக் கிழித்தேன். பத்துத் திரியும் பஞ்சாகவே எரிந்தன. அன்றைய குழம்பைச் சாப்பிட்ட அப்பா, "இன்னைக்கு விறகடுப்புச் சமையலா? நல்லா இருக்கே" என்றார். என் கைவேலைக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

வேலை கிடைத்து, தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தேன். திரி ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன். காயில் அடுப்பு வந்து சேர்ந்தது.

அந்தக் கரண்ட் அடுப்பை உங்களில் பலரும் வைத்திருந்திருப்பீர்கள். பீங்கான் தட்டு, அதில் சுருள் சுருளாகப் பள்ளம், பள்ளத்தில் ஒரு ஸ்பிரிங் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி அது. 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது. செக்கச்செவேல் என்று பழுத்தாலும் லேசில் உதிராது, ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும் என்பதுதான் அதன் பெருமை. மார்ஷ் அதை என் கையில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கவில்லை.

கடையில் காயில் நெருக்கமாகச் சுற்றிக் கையடக்கமாகத் தருவார்கள். அதை முழு நீளத்துக்கும் ஒரே சீராக இழுத்துப் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். நான் இழுத்தால் ஒரு பக்கம் வடம் மாதிரி நீண்டுவிடும், இன்னொரு பக்கம் சுருண்டு முறைத்துக்கொண்டு நிற்கும். நெருக்கமாக இருக்கிற இடத்தில் சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே அறுந்துபோகும். பெரும்பாலும் பால் பொங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். சில நாள் கொஞ்சம் பின்னால், காயில் மேலேயே.

அறுந்த காயிலைத் தூக்கிப் போடுகிற வசதி அப்போது யாருக்கு இருந்தது? இரண்டு முனையையும் முறுக்கி ஒட்டுப் போடுவோம். கருகின துண்டை வெட்டிவிட்டு ஒட்டுவதால் காயில் ஒவ்வொரு தடவையும் நீளம் குறையும். நீளம் குறைந்தால் மின்தடை குறையும், மின்தடை குறைந்தால் கரண்ட் அதிகமாகப் பாயும். ஆயிரம் வாட் காயிலில் கால்வாசி போய்விட்டால் அது ஆயிரத்து முந்நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். அடுப்பு முன்னைவிட ஜோராகச் சுடுகிறது, நம் ரிப்பேர் அப்படி, என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி ஃப்யூஸ் போய், கீழே வீட்டுக்காரர் குடும்பத்தோடு இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எவர்சில்வர் பாத்திரத்தில் கரண்டியை விட்டுக் கிளறும்போது பாத்திரம் காயில் மேல் பட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்த அறையில்தான் கற்றுக்கொண்டேன். பாடம் ஒரு நொடியில் முடிந்தது. உப்புமா மட்டும் சுவரில் ரொம்ப நாள் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு கேஸ் வந்தது. ஆனால் திரி என்னை விடவில்லை, கொசு மருந்து வடிவில் வந்தது. பாட்டில், அதில் திரவம், நடுவே ஒரு குச்சித் திரி, உச்சியில் குட்டி ஹீட்டர். அதே தத்துவம், பிளக்கில் சொருகிக்கொள்ளலாம், அவ்வளவுதான். காலி பாட்டிலில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்து ஊற்றினால் ரீஃபில் வாங்குகிற காசு மிச்சம் என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் வந்தது. பேங்கில் வேலை பார்க்கிறவனிடம் மிச்சம் என்று சொல்லலாமா? ஊற்றினேன்.

வேப்பெண்ணெய் கெட்டி. அந்தத் திரிக்குள் அது சரியாக ஏறாது, ஏறிய கொஞ்சமும் உச்சியில் கருகிப் பிசின் பிடிக்கும். கருப்பைச் சுரண்டினால் திரி சுத்தமாகும் என்று பிளேடால் சுரண்டினேன். திரி இரண்டாக ஒடிந்து பாட்டிலுக்குள் போனது. யானைக்கால் என்றாலே கும்பகோணத்தின் பேரைச் சொன்ன காலம் ஒன்று உண்டு, அந்த நோயைச் சுமந்த க்யூலெக்ஸ் கொசுவுக்குக் காவிரிப் பாசன ஊர்ச் சாக்கடைகள்தான் தாய்வீடு. அப்பேர்ப்பட்ட பரம்பரைக் கொசுக்கள் அன்று எங்கள் வீட்டில் கற்பூர ஆரத்தியோடு விருந்து சாப்பிட்டன.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறிய புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னையாக நின்றதையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. கரண்ட் கம்பங்களும் கூடவே படுத்துக்கொண்டன. கரண்ட் இப்போதைக்கு வராது என்று தெரிந்ததும் பரணிலிருந்து தாத்தா காலத்து அரிக்கேன் விளக்கை இறக்கினேன். வீட்டில் நான் ஒருவன்தான் ஆண்பிள்ளை என்கிற மிடுக்கு வேறு.

சிம்னிக் கண்ணாடியில் அழுக்கு. சாம்பல் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், அது எல்லாருக்கும் தெரியும். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? சாமி அலமாரியில் விபூதி இருந்தது. அதுவும் சாம்பல்தானே? "ஏங்க, என்ன பண்றீங்க?" என்று மனைவி ஓடிவருவதற்குள் பாதிக் கிண்ணம் தீர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், கண்ணாடி அருமையாக வந்தது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்தது திரி. அரிக்கேனுக்குப் பட்டையான நாடாத் திரி. அதை நேராக நறுக்கி, இரண்டு ஓரத்து முனையையும் லேசாகக் கிள்ளிவிட வேண்டும். நான் நறுக்கியதில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பற்ற வைத்ததும் மேட்டுப் பக்கம் சுடர் கொம்பு மாதிரி எழும்பி, விபூதி பூசித் துலக்கிய சிம்னியைக் கண் மூடித் திறப்பதற்குள் கரியாக்கியது. அடங்கட்டும் என்று விளக்கை நகர்த்தி வைத்தேன். ஓட்டிலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர், குறி பார்த்து, சூடான கண்ணாடி மேல் விழுந்தது. டங்.

எதிர்வீட்டு அப்பாயி தன் வீட்டு உதிரிச் சிம்னியோடும் ஒரு டம்ளர் மண்ணெண்ணெயோடும் வந்தார். கத்தரிக்கோல் கேட்கவில்லை. கருகின திரியின் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு கிள்ளு, ஒரு நீவு. விளக்கு குருத்து வாழையிலை மாதிரி நேராக எரிந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். "ஏன் தம்பி, பேங்க்ல வேலைன்னுதானே சொன்னே?"

அந்த வெளிச்சத்தில் எனக்கு ராஜராஜன் ஞாபகம் வந்தது. பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, அதுவும் இல்லையென்றால் 16 எருமை என்று கணக்கு இருக்கிறது. நாளுக்கு ஓர் உழக்கு நெய் வந்து சேர வேண்டும். செத்த ஆட்டுக்குக் குட்டி ஈடாக வந்து எண்ணிக்கை குறையாமல் நிற்பதால் சோழர் கல்வெட்டுகளில் அதற்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். என்ன ஒரு கார்ப்பஸ் ஃபண்ட்! அசலில் கை வைக்காமல் வட்டியில் விளக்கு எரிகிற இந்த ஏற்பாட்டை ஒரு பேங்க்காரனாக நான் ரசிக்கலாம். ஆனால் திரி கிள்ளும் பொறுப்பை மட்டும் என்னிடம் கொடுத்திருந்தால், ஆடுகள் சாகாமல் இருந்திருக்கும், விளக்கு செத்திருக்கும்.

இவ்வளவு பேர் வாங்கிய என்னிடம்தான் அக்கா மகன் லண்டனிலிருந்து வீடியோ காலில் யோசனை கேட்டான். "மாமா, காயில் கருகிப்போச்சு, திரி மாத்தணும், உங்களுக்கு இதெல்லாம் தெரியும்ல?" ஸ்டவ்வா, ஹீட்டரா என்றேன். அவன் கையில் பேனா மாதிரி ஒன்றைக் காட்டினான். இ-சிகரெட். திரவம் தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற ரகத்தை விற்க 2025 ஜூன் 1 முதல் அந்த நாட்டில் தடை போட்டுவிட்டார்கள். அதனால் காயிலும் பஞ்சும் மாற்றிப் போட்டுக்கொள்கிற ரகத்துக்கு மாறியிருக்கிறான். நம் ஊரில் அந்தத் தொல்லையே இல்லை. தமிழ்நாட்டில் 2018-லேயே தடை. 2019-ல் மத்திய அரசு சட்டம் போட்டு, செய்தாலோ விற்றாலோ இறக்குமதி செய்தாலோ முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட, என்று சொல்லிவிட்டது. சேர்த்து வைத்திருந்தாலும் குற்றம்.

"விட்டுத் தொலைடா" என்பதுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் திரியைப் பற்றி என்னிடம் கேட்கிறான். விடுவேனா? உள்ளே பார்த்தால் எல்லாம் பழைய பகையாளிகள்: சுருள் கம்பி, அதற்குள் பஞ்சு, பஞ்சு உறிஞ்சுகிற இனிப்புத் திரவம். அந்த இனிப்புதான் காயில் மேல் பாகு மாதிரி காய்ந்து கருப்பாக ஒட்டிக்கொள்கிறது. "பழைய பஞ்சை எடுத்துடு. காயிலை விபூதி போட்டுத் தேய். புதுப் பஞ்சை நறுக்கு, இன்னும் நறுக்கு" என்று உத்தரவு போட்டேன். அவனும் நம்பிச் செய்தான். பஞ்சு குட்டையாகி, திரவமெல்லாம் சட்டையில் ஒழுகியது.

நான் சொன்னதில் ஒன்றே ஒன்று சரி: பஞ்சு நன்றாக ஊறின பிறகுதான் சூடாக்க வேண்டும். அதை ஒழுகின பிறகு சொன்னேன். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா" என்றான் கடைசியில். கேமராவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அக்கா நின்றுகொண்டிருந்ததை நான் அவனிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பரணில் அரிக்கேன் விளக்கு கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். புயலும் மழையும் வருகிற ஐப்பசி பிறப்பதற்கு முன்பே இறக்கித் துடைத்து, உதிரியாக ஒரு சிம்னியும் கொஞ்சம் நாடாத் திரியும் வாங்கி வையுங்கள். திரியை நேராக நறுக்கி, ஓரத்து முனைகளைக் கிள்ளிவிட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டுப் பற்ற வையுங்கள். இதெல்லாம் சரியான தகவல்தான், எதிர்வீட்டு அப்பாயியிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். மாட்டித் தர ஆள் வேண்டுமென்றால் அவரையே கூப்பிடுங்கள்.