அமர்ந்தே இருந்தவனின் விண்ணப்பம்

அனுப்புநர்:
செயலற்ற பயனர் (தாங்கள் சூட்டிய பெயர்),
கணினி மேசை, கூடம்.

பெறுநர்:
உயர்திரு இணைய வாசல் அவர்கள்,
ஓய்வூதியம் வழங்கும் ஓர் அலுவலகம்.

பொருள்: குடும்ப ஓய்வூதியம் – மூன்று முறை நிரப்பி மூன்று முறையும் காணாமல் போன படிவம் – போன இடம் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: “உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது. மீண்டும் உள்நுழையவும்” என்ற தங்கள் செய்தி, ஒரே நாளில் முற்பகல் 11.10, 11.32, பிற்பகல் 12.05.

ஐயா,

வணக்கம். முதலில் ஒரு சொல்லுக்கு விளக்கம் வேண்டும். ‘அமர்வு முடிந்தது’ என்கிறீர்கள். நான் 11 மணியிலிருந்து அதே நாற்காலியில்தான் அமர்ந்திருந்தேன். காபிக்குக்கூட எழவில்லை. எழுந்து போனது தாங்கள்தான்.

கீழே பொடி எழுத்தில் ஒரு குற்றச்சாட்டு வேறு: “10 நிமிடங்களாகச் செயலற்று இருந்தீர்கள்.” அந்தப் 10 நிமிடத்தில் அப்பாவின் பெயரைத் தமிழில் தட்டினேன். ஒற்றைக்கொம்பு வர வேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு வந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். அக்காவுக்குப் போன் போட்டு அப்பாவின் பழைய பென்ஷன் புத்தகத்து எண்ணைக் கேட்டேன். பேத்திக்குக் காது குத்து வைத்திருப்பதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் எண்ணைச் சொன்னாள். இறப்புச் சான்றிதழைத் தாங்கள் கேட்டபடி 200 கேபிக்குள் சுருக்கினேன். சுருக்கியதில் அப்பாவின் பெயரே படிக்க முடியாமல் போனது. இதையெல்லாம் செயலின்மை என்றால், எங்கள் வீட்டில் யாரும் இதுவரை செயல்பட்டதே இல்லை.

தங்களுக்கு என்மேல் பகை ஏதும் இல்லை, பார்வைதான் இல்லை என்கிறான் அண்ணன் மகன். கணினி படித்தவன். “சித்தப்பா, சர்வருக்குக் கண்ணு கிடையாது” என்று ஆரம்பித்தான். வலையின் பேச்சுமுறையான ஹெச்டிடிபிக்கு ஞாபகம் என்பதே இல்லையாம். ஒவ்வொரு முறை பொத்தானை அமுக்கும்போதும் நாம் அதற்குப் புது ஆள். அதைச் சரிக்கட்டத்தான் 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மாண்டுல்லி என்பவர் ‘குக்கி’யைக் கொண்டுவந்தார். உள்ளே நுழைந்ததும் ஒரு சீட்டுக் கொடுப்பீர்கள். அதைக் காட்டும்போதெல்லாம் ‘ஓ, நீங்களா’ என்பீர்கள். குறிப்பிட்ட நேரம் சீட்டு வந்து நீட்டப்படாவிட்டால் பேரேட்டில் பெயரை அடித்துவிடுவீர்கள்.

இதில்தான் என் வயிற்றெரிச்சல். நான் தட்டுவதெல்லாம் என் கணினியோடு நிற்கிறது. ‘சமர்ப்பி’யை அமுக்கும்வரை ஓர் எழுத்தும் தங்களுக்கு வந்து சேராது. 43 கட்டங்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கி, கடைசியில் ஒரே ஒரு பொத்தானை வைத்தது தாங்கள். எவ்வளவு கவனமாக நிரப்புகிறேனோ அவ்வளவு நேரம் தூங்கினேன் என்று பதிவாகிறது. அரைகுறையாக நிரப்பி அனுப்புகிறவன் சுறுசுறுப்பானவன்.

எச்சரிக்கை தரவில்லையா என்று கேட்பீர்கள். தந்தீர்கள். இரண்டாம் முறை, “இன்னும் 60 வினாடியில் அமர்வு முடியும்” என்று ஒரு பெட்டி குதித்தது. அதில் ‘சரி’ என்று ஒரே பொத்தான். நம்பி அமுக்கினேன். பெட்டி மூடிக்கொண்டது, அவ்வளவே அதன் வேலை. வண்டி கிளம்பப் போகிறது என்கிறார் கண்டக்டர், நாம் ‘சரி’ என்கிறோம், அவர் விசிலை ஊதிவிடுகிறார்.

மூன்றாம் முறை, வங்கியின் ஐஎஃப்எஸ்சி எண்ணைப் பார்க்க வேறொரு தாவலைத் திறந்தேன். எச்சரிக்கை பின்னால் மறைந்த தாவலில் ஓடியிருக்கிறது. குடும்பத்தோடு ஊருக்குப் போன வீட்டின் கதவில் நோட்டீஸ் ஒட்டிய கதை. கண்ணில் படாத தாவலில் ஓடும் கடிகாரத்தை பிரவுசர்கள் மெதுவாக்கிவிடும் என்பது கூடுதல் தகவல்: திரும்பி வந்தபோது திரையில் 40 வினாடி மிச்சமிருந்தது, தங்களிடம் எதுவும் மிச்சமில்லை.

தங்கள் பக்கத்து நியாயமும் தெரியும். பிரவுசிங் சென்டரில் ஒருவர் வெளியேறாமல் எழுந்து போனால், அடுத்து உட்காருகிறவன் கையில் அவருடைய கணக்கு. ஓவாஸ்ப் என்ற வலைப் பாதுகாப்பு அமைப்பு, பணம் புழங்கும் ஆபத்தான இடங்களுக்கு 2 முதல் 5 நிமிடம், ஆபத்து குறைந்த இடங்களுக்கு 15 முதல் 30 நிமிடம் என்று சொல்கிறது. கதவைப் பூட்டுங்கள், ஆட்சேபமில்லை. பூட்டப் போகிற வாட்ச்மேன் உள்ளே மேசைமேல் கிடக்கும் காகிதங்களை ஏன் கிழித்துவிட்டுப் பூட்ட வேண்டும்?

அது சரி, இந்தப் 10 என்ற எண்ணை யார், எந்தக் கோப்பில் முடிவு செய்தார்கள்? வலைத்தளங்களை இயக்கும் மென்பொருள்களின் அமைப்பை யாரும் தொடாமல் விட்டால் பிஎச்பியில் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். ஏஎஸ்பி டாட் நெட்டில் 20, டாம்கேட்டில் 30. தாங்கள் சிரமப்பட்டுக் குறைத்திருக்கிறீர்கள்.

2008இல் வெளியான வலை அணுகல் வழிகாட்டுதல்கள் இதற்கு வழி சொல்லியிருக்கின்றன. நேரம் தீருமுன் எச்சரிக்க வேண்டும். நீட்டித்துக்கொள்ள 20 வினாடியாவது தர வேண்டும். இடைவெளிப் பட்டையைத் தட்டுவது போன்ற எளிய செயலால் அது நடக்க வேண்டும். குறைந்தது பத்து முறை அப்படி நீட்டிக்க விட வேண்டும். ஒற்றை விரலால் தட்டுகிறவரையும், திரையைக் காதால் படிக்கிற பார்வையற்றவரையும் மனத்தில் வைத்து எழுதிய விதி அது. அந்த வழிகாட்டுதல்களின் அடிப்படைப் படிநிலையிலேயே இருக்கிறது. மறுபடி உள்நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று இன்னொரு விதி. அது உயர்ந்த படிநிலை; அந்த உயரத்துக்குத் தங்களை வற்புறுத்தும் துணிச்சல் எனக்கில்லை.

ஓய்வூதியம் அம்மாவுக்கு. பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 12.05க்கு, “மறுபடியும் மொதல்லேர்ந்தாப்பா?” என்றாள். ஒவ்வொரு முறையும் அப்பா இறந்த தேதியைக் கேட்கிறீர்கள். அவள் ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

ஆகவே, ‘சரி’ என்ற பொத்தானுக்கு நேரத்தை நீட்டிக்கும் அதிகாரம் வழங்குமாறும், ‘தற்காலிகமாகச் சேமி’ என்று இன்னொரு பொத்தானை நடுவழியில் வைக்குமாறும், விசைப்பலகையில் விரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை நான் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலற்ற பயனர்

பி.கு.: இதைத் தங்கள் குறைதீர் பக்கத்திலேயே தட்டத் தொடங்கினேன். ‘வணக்கம்’ தாண்டி நான்காம் பத்தியில் அமர்வு முடிந்துவிட்டது. வெள்ளைத்தாளில் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன்.