ஹோமர் சிம்ப்சனும் வெம்பக்கோட்டையும்

கலைஞர் ஆட்சியின் இலவசக் கலர் டிவி வந்த பிறகுதான் வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் கார்ட்டூன் வீட்டுக்கு வீடு ஓடத் தொடங்கியது. 2007இல் சுட்டி டிவியும் வந்து, பொம்மைகள் தமிழ் பேசின. ஆனாலும் எங்களுக்கு உயிர் டாம் அண்ட் ஜெர்ரி. ஜெர்ரி திரியைக் கொளுத்தும், டாமின் முகத்துக்கு நேரே வெடிக்கும், மீசை கருகி முகமெல்லாம் கரியாகும். கண் மூடித் திறப்பதற்குள் பழைய டாம் எழுந்து விரட்டும். உருண்டு புரண்டு சிரிப்போம்.

அந்த நேரத்துக்குத்தான் பட்டாசுக் கம்பெனி வேன் அம்மாவை இறக்கிவிட்டுப் போகும். பேன்சி ரக அறையில் வேலை. அலுமினியப் பொடி முழங்கை வரை மினுங்கும். கைகால் கழுவாமல் எங்களைத் தொட மாட்டாள். போகிற போக்கில் டிவியைப் பார்த்து, "வெடிச்சவன் எந்திரிச்சு ஓடுறானாக்கும்" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புகையைப் பார்த்து உதவ ஓடியவர்களும் அதில் உண்டு. அதன்பின் எங்கள் வீட்டில் டாம் அண்ட் ஜெர்ரியை யாரும் வைக்கவில்லை.

இன்று நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். அமெரிக்க வாழ்க்கையை நையாண்டி செய்யும் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களைப் பாடமாகவே எடுக்கிறேன். 1989 டிசம்பரில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' அவற்றில் முதன்மையானது. நம்மவர்கள் அதைப் பற்றி எழுதினால் அதில் வரும் இந்தியக் கடைக்காரர் அபுவிடம் போய் நின்றுவிடுகிறார்கள். அபுவைப் பற்றி ஹரி கொண்டபொலு 2017இல் எடுத்த ஆவணப்படம் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. அபுவுக்குக் குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா 2020இல் விலகியதும் சரி. எனக்கு அந்தத் தொடரின் உயிர்நிலை அணுமின் நிலையத்தில் இருக்கிறது.

1990 ஜனவரியில் வந்த மூன்றாவது அத்தியாயத்தைப் பாருங்கள். அணுமின் நிலையத் தொழிலாளி ஹோமர் சிம்ப்சன் வேலை இழக்கிறான். மனம் உடைந்து, பிறகு ஊருக்குப் பாதுகாப்புப் பலகைகள் கேட்டுப் போராடத் தொடங்குகிறான். போராட்டம் வளர்ந்து அணுமின் நிலைய வாசலுக்கே வருகிறது. முதலாளி பர்ன்ஸ் அவனை உள்ளே அழைத்து, கூடுதல் சம்பளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலையைக் கொடுக்கிறார். கூட்டம் கலைகிறது. அந்த நாற்காலியில்தான் ஹோமர் ஆண்டுக்கணக்காகத் தூங்குகிறான். கேள்வி கேட்டவனையே அந்தக் கேள்விக்குப் பொறுப்பாளியாக்கி வாயடைக்கும் இந்த வித்தையை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த நாவலை நான் படித்ததில்லை.

சிரிக்க வைப்பதற்காகப் பெரிதாக்கியது அவன் தூக்கம். பெரிதாக்காமல் அப்படியே காட்டியது அந்த நியமனம். இதைத்தான் மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டுகிறேன்.

எங்கள் பக்கப் பட்டாசு ஆலைகளிலும் விதிகளுக்குக் குறைவில்லை. ஓர் அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம். உராய்வில் பொறி கிளம்பாமலிருக்கத் தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். வெடிமருந்து கலக்கும் இடம் தனியாக இருக்க வேண்டும். ஆனால் உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகள் உள்குத்தகையில் பல கைகளுக்குப் போகும். தீபாவளி ஆர்டர் நெருக்கினால் நால்வர் அறையில் எத்தனை பேர் என்று எண்ண ஆளிருக்காது. 2021 பிப்ரவரி 12 அன்று வெம்பக்கோட்டை வட்டாரத்து அச்சங்குளத்தில் இருபது பேருக்குக் குறையாமல் போனார்கள்.

அமெரிக்கக் கார்ட்டூனுக்கு ஒரு பழைய இலக்கணம் உண்டு: அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. ஹோமரின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் உலை உருகும் நிலைக்குப் போனாலும் அடுத்த அத்தியாயத்தில் அதே பர்ன்ஸ், அதே நாற்காலி, அதே ஹோமர். டாமுக்கும் அதே விதிதான். இங்கே விபத்துக்குப் பிறகு நிவாரணத்தொகை அறிவிப்பு வரும். உரிமம் சில மாதம் நிறுத்தப்படும். பிறகு ஆலை எழுந்துவிடும். ஆள்தான் எழுவதில்லை. அம்மா அன்று டிவியைப் பார்த்துச் சொன்னது, நான் படித்த எந்தக் கட்டுரையையும்விடச் சரியான விமர்சனம்.

சென்ற பருவத்தில் மாணவர்களை ஒரு கார்ட்டூன் காட்சி எழுதச் சொன்னேன். சாத்தூர்ப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: ஆய்வு அதிகாரியின் ஜீப் தூசி கிளப்பி வருகிறது, போர்மேன் விசில் அடிக்கிறார், அறைக்கு நால்வர் போக மிச்சமுள்ள பெண்களெல்லாம் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓடி உட்காருகிறார்கள். வாசிக்கும்போது முதலில் சிரித்தவர்கள் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான். மற்றவர்களுக்கு அவர்களே விளக்கிச் சொன்னார்கள்.

அடுத்த காட்சியையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். காட்டுக்குள் ஓடியவர்களில் ஒருத்தி வெளியே வந்து அந்த ஜீப்பை மறித்து நிற்க வேண்டும். அதிகாரியிடம் என்ன பேசுவாள் என்பதை எழுத அந்த மாணவி இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறாள்.