சங்கும் ராபின்ஸும்

கேள்வி: நான் சங்கு குளிக்கப் போகிறவன். மகள் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பேத்தாலஜி பாடத்துக்கு ராபின்ஸ் புத்தகம் வாங்கவா, ஹர்ஷ் மோகன் வாங்கவா?
— ஒரு வாசகர், திரேஸ்புரம்

பதில்: ராபின்ஸில் பெரியது, சின்னது என இரண்டு உண்டு அண்ணாச்சி. பெரியதை வள்ளத்தில் ஏற்றினால் நங்கூரம் தேவைப்படாது. புரிந்து படிக்கச் சின்னது, பரீட்சையில் எழுத ஹர்ஷ் மோகன். சீனியரிடம் பழசு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்; கல்லீரல் அவ்வளவு சீக்கிரம் மாறிவிடாது. பார்மகாலஜிக்கு கே.டி. திரிபாதி. அது மட்டும் புதுப் பதிப்பாக இருக்கட்டும், மருந்துகள் மாறிக்கொண்டே இருப்பவை. கடலிலிருந்தும் மருந்து வருகிறது: 2004-இல் அமெரிக்கா அனுமதித்த சிகோனோடைடு என்ற வலிமருந்து, கூம்பு நத்தையின் விஷத்தைப் பார்த்துச் செய்தது. அந்த நத்தையின் சொந்தபந்தங்கள் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அந்தப் பாடத்துக்கு மட்டும் மகள் உங்களிடம் டியூஷன் வரட்டும்.