பாதியும் பிதாவும்

அந்த நாளில் வாரப் பத்திரிகை வந்ததும் பெரியம்மா முதலில் புரட்டுவது புதிர்ப் பக்கத்தைத்தான். ஒரு சொல்லின் ஏழு எழுத்துகளைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். சரியாகச் சேர்க்க வேண்டும். ஏழும் வெவ்வேறானால் 5,040 விதமாக அடுக்கலாம். பெரியம்மா நாலைந்துக்கு மேல் எழுதிப் பார்த்து நான் கண்டதில்லை. “புள்ளி வச்ச எழுத்து முன்னால வராதுடா. ‘ம்’ இருந்தா கடைசியில வச்சுப் பாரு” என்பார். எந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும் என்று தொல்காப்பியத்தின் மொழிமரபு வகுத்தது அவருக்குப் பழக்கத்திலேயே வந்திருந்தது.

இன்று அதே புதிருக்கு நான் நிரல் எழுதுகிறேன். எல்லா அடுக்குகளையும் உண்டாக்கி ஒவ்வொன்றையும் அகராதியில் தேடச் சொல்வதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. ஏழு எழுத்துக்கு அது தாங்கும். பன்னிரண்டு எழுத்தானால் 47,90,01,600 அடுக்குகள். கணினி வேகமானது என்பதற்காக அதனிடம் வீண் வேலை வாங்கக் கூடாது.

ஜான் பென்ட்லி ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில் (1986) விளக்கிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படுத்தி, அதையே அந்தச் சொல்லுக்கு அடையாளமாக வைக்க வேண்டும். தவம், வதம் இரண்டுக்கும் அடையாளம் ‘தம்வ’. ஒரே அடையாளமுள்ள சொற்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டால், புதிரின் எழுத்துகளையும் அப்படியே வரிசைப்படுத்தி ஒரே தேடலில் விடையை எடுக்கலாம். அகராதியை ஒருமுறை தயார் செய்தால் போதும். அடுத்தடுத்து வரும் புதிர்களுக்கெல்லாம் அதுவே உதவும்.

தமிழில் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. யூனிகோடு ‘பா’வை ஒரே எழுத்தாக வைக்கவில்லை, பகரம், துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாக வைத்திருக்கிறது. ‘பாதி’யின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் நான்கு என்கிறது. குறியீடுகளை வரிசைப்படுத்தினால் பாதியும் பிதாவும் ஒரே அடையாளம் பெற்றுவிடும். காடும் குடாவும் அப்படியே. எழுத்து எழுத்தாகப் பிரித்த பிறகே வரிசைப்படுத்த வேண்டும். ‘ஓப்பன்-தமிழ்’ என்ற கட்டற்ற பைத்தான் நிரலகம் இந்தப் பிரிப்பைச் செய்து தருகிறது.

கட்டங்களில் அடுத்தடுத்த எழுத்துகளைக் கோத்துச் சொல் தேடும் புதிருக்கு இந்த அடையாளம் போதாது. அங்கே ‘டிரை’ என்னும் மர அமைப்பு வேண்டும். இதுவரை கோத்த எழுத்துகளில் எந்தச் சொல்லும் தொடங்காது என்று தெரிந்த கணமே அந்தக் கிளையை வெட்டிவிடலாம். பெரியம்மா மனத்தில் போட்டதும் இதே வெட்டுதான். ஆனால் பழைய இலக்கண விதியை அப்படியே நிரலாக்கினால், ரகரம் மொழிக்கு முதலாகாது என்று ரசமும் ரயிலும் விலகிப்போகும். வழக்கிலுள்ள சொற்பட்டியலைக் கொண்டு டிரையைக் கட்டினால் இரண்டுக்கும் அதில் இடமுண்டு.

நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: வேகமான கணினியைத் தேடும் முன், எந்த வேலையைச் செய்யாமல் விடலாம் என்று பாருங்கள். தமிழ்ச் சொற்களைக் கையாளும்போது எழுத்துப் பிரிப்பிலிருந்து தொடங்குங்கள். புதிருக்கு மட்டுமல்ல, பிழைதிருத்திக்கும் அதுதான் அடித்தளம்.